இன்டர்நெட்டுக்கு யார் தலைவர்? கரூரிலிருந்து வந்த கேள்விக்கு ஈரோட்டிலிருந்து ஒரு பதில்

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். கரூரில் உங்கள் மாமாவின் ஹோம் டெக்ஸ்டைல் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறீர்கள். அமெரிக்கப் பையரோடு, அதாவது சரக்கு வாங்குகிறவரோடு, பல வருஷப் பழக்கம். யாரோ உங்கள் கம்பெனியின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி ஒரு டாட் காம் வாங்கி, "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது" என்று பையருக்கு மெயில் போட்டு, ஒரு கண்டெய்னர் சரக்கின் பணத்தை ஹாங்காங் கணக்கு ஒன்றுக்கு இழுத்துவிட்டார்கள். பையர் கொடுத்தாயிற்று என்கிறார், உங்களுக்கு வந்து சேரவில்லை. "இன்டர்நெட்டுக்குத் தலைவர் யாருங்க, அவரிடம் புகார் கொடுக்க முடியுமா, ஐநா சபையில் ஏதோ டிஜிட்டல் ஒப்பந்தம் போட்டார்களே, அதனால் கரூருக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபத்தில் கேட்ட கேள்விதான். ஆனால் அதற்குள் இருப்பது நியாயமான இன்னொரு கேள்வி: எல்லை தாண்டி நடக்கிற காரியத்தில் எந்த மடை யார் கையில் இருக்கிறது?

நான் ஈரோட்டில் இருபது வருஷத்துக்கு மேலாகச் சின்ன இன்டர்நெட் கம்பெனி நடத்துகிறவன். கேபிள் டிவி ஒயரில் தொடங்கி இப்போது ஃபைபர். வக்கீல் இல்லை. அதனால் நெட்வொர்க் பற்றிச் சொல்வதை உறுதியாகவும், சட்டம் பற்றிச் சொல்வதை ஒரு வக்கீலிடம் கேட்டுச் சரிபார்த்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவசரமானதை முதலில் பேசிவிடலாம். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்து புகார் பதிவு செய்யுங்கள், பின்னால் காகிதம் தேவைப்படும். ஆனால் அந்த ஏற்பாடு நம் நாட்டு பேங்குகளுக்குள் ஓடும் பணத்தைப் பிடிக்கக் கட்டியது. உங்கள் பணம் இந்தியாவைத் தொடவே இல்லை, அமெரிக்காவில் கிளம்பி ஹாங்காங்கில் இறங்கிவிட்டது. அதனால் ஓட வேண்டியவர் பையர்தான். அவர் தன் பேங்கில் பணத்தைத் திரும்ப அழைக்கச் சொல்ல வேண்டும், எஃப்பிஐ நடத்தும் இணையக் குற்றப் புகார் மையத்தில் அன்றைக்கே பதிய வேண்டும். மூன்று நாளுக்குள் போனால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு, வாரங்கள் ஓடிவிட்டால் கணக்கில் ஒன்றும் இருக்காது. "நாங்கள் அனுப்பிவிட்டோம், இனி உங்கள் பாடு" என்று அவர் உட்கார்ந்துகொண்டால் அங்கேயே பாதி வழக்கு தோற்றது மாதிரிதான். அப்புறம், சரக்குக்குப் பணம் வராததால் ஷிப்பிங் பில் உங்கள் பேங்கில் முடிக்கப்படாமல் திறந்தே நிற்கும், என்ன நடந்தது என்று அவர்களுக்கு இப்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

இனி டொமைன், அதாவது இணையப் பெயர். இன்டர்நெட்டுக்கு ஒரே தலைவர் என்று யாரும் இல்லை, ஆனாலும் டாட் காம் பெயர்களைப் பொறுத்தவரை ஒரு சங்கிலி இருக்கிறது. ஐகேன் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு 1998-ல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டது. டாட் காமை நடத்தும் நிறுவனமும், உங்களுக்கும் அந்தத் திருடனுக்கும் பெயர் விற்ற ரெஜிஸ்ட்ரார்களும் ஐகேனோடு ஒப்பந்தம் போட்டுத்தான் தொழில் செய்கிறார்கள். அந்த ஒப்பந்தம் 2024 ஏப்ரல் 5-லிருந்து திருத்தப்பட்டிருக்கிறது. ஃபிஷிங் (பொய் மெயிலில் ஏமாற்றுவது), மால்வேர் (கெடுதல் செய்யும் மென்பொருள்) மாதிரியான காரியத்துக்கு ஒரு பெயர் பயன்படுகிறது என்று தகுந்த ஆதாரம் வந்தால் ரெஜிஸ்ட்ரார் உடனே நடவடிக்கை எடுத்தாக வேண்டும், எடுக்காவிட்டால் ஐகேனின் ஒப்பந்தப் பிரிவில் புகார் செய்யலாம். அதற்கு முன்பு புகாரை வாங்கி விசாரித்து ஏதோ பதில் போட்டாலே போதும் என்ற அளவில்தான் கடமை இருந்தது. பல வருஷம் பல கூட்டங்களில் பேசிப் பேசித்தான் இந்த ஒரு வாக்கியம் ஒப்பந்தத்துக்குள் வந்தது. உங்கள் கைக்கு உடனே பயன்படக்கூடிய சர்வதேச ஒத்துழைப்பு என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

அந்தப் பெயரை யார் வாங்கினார் என்று நீங்கள் தேடிப் பார்த்திருப்பீர்கள், ஒன்றும் வந்திருக்காது. 2018 மே 25-ல் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்ததும், பெயர் வாங்கினவரின் விவரத்தை உலகம் முழுக்க மூடிவிட்டார்கள். ஐரோப்பாவில் இருப்பவரைக் காக்க எழுதிய சட்டம் கரூர்க்காரர் திருடனைத் தேடுவதையும் சேர்த்து மறைத்தது. சட்டம் தப்பு என்று சொல்ல மாட்டேன், அதற்கு முன்பு ஒரு டொமைன் வாங்கினால் மறுநாளே வெப்சைட் போட்டுத் தருகிறோம் என்று இருபது போன் வரும். ஆனால் ஓரிடத்தில் எழுதும் சட்டம் இன்னோர் இடத்தில் எப்படி விடியும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

வக்கீல் யாராவது யுடிஆர்பி என்ற வழியைச் சொல்லலாம். டிரேட்மார்க்கோடு குழப்பும் பெயரைக் கெட்ட நோக்கத்தில் வாங்கினார் என்று நிரூபித்தால் பெயரை உங்களுக்கு மாற்றித் தரும் நடுவர் முறை, 1999-லிருந்து நடக்கிறது. உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரே நடுவர் போதும் என்றால் கட்டணம் 1,500 டாலர். கிடைப்பது பெயர் மட்டும், பணம் கிடைக்காது. திருடன் அந்தப் பெயரை இந்நேரம் மறந்தே போயிருப்பான். உங்கள் பிராண்டை எவனாவது நிரந்தரமாகப் பிடித்து வைத்திருந்தால் இது சரியான வழி, உங்கள் விஷயத்தில் வேண்டாம் என்பது என் கருத்து.

சரி, தலைவர் கதைக்கு வருகிறேன். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீர் வருகிற விதம் உங்களுக்குத் தெரியும். ஒப்பந்தம் இரண்டு மாநிலங்களுக்கு நடுவில். அணைகளும் கால்வாயும் நீர்வளத்துறை பார்ப்பது. நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். கடைசியில் தோட்டத்துக்கு வருவது பாசன சபையும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் பேசி முடிப்பதில் இருக்கிறது. இதில் "தண்ணீருக்குத் தலைவர் யார்" என்று கேட்டால் யாரைக் காட்டுவீர்கள்? இன்டர்நெட்டும் ஏறக்குறைய அப்படித்தான். பெயர்களுக்கு ஐகேன். இணைப்பில் இருக்கும் கருவிகளை அடையாளம் காட்டும் எண் முகவரிகளுக்கு ஐந்து வட்டாரப் பதிவகங்கள், நமக்கு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கும் ஏபிநிக். மெயில் எப்படிப் போக வேண்டும், பக்கம் எப்படித் திறக்க வேண்டும் என்ற நுட்ப விதிகளுக்கு ஐஇடிஎஃப் என்ற பொறியாளர் கூட்டம், அங்கே உறுப்பினர் அட்டையும் கிடையாது, ஓட்டும் கிடையாது, முனகும் சத்தத்தை வைத்துப் பெரும்பாலோர் கருத்தைக் கணிப்பார்கள் (விளையாட்டில்லை, நிஜமாகவே வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்பார்கள்). அலைவரிசைக்கும் செயற்கைக்கோள் இடத்துக்கும் ஐடியூ என்ற ஐநாவின் தொலைத்தொடர்பு அமைப்பு, அது தந்திக் காலத்தில் 1865-ல் தொடங்கியது, இந்தியா 1869-லேயே சேர்ந்துவிட்டது. கடலடிக் கேபிளுக்கு 1884-ல் போட்ட உடன்படிக்கையிலிருந்து தனிச் சட்டம். பணத்துக்கும் போலீசுக்கும் அந்தந்த நாட்டு அரசுகள். உங்கள் மாமாவின் பணம் இந்த எல்லா வாய்க்காலிலும் ஓடித்தான் தொலைந்தது, ஆனால் எந்த ஒரு மடைக்காரருக்கும் மொத்தப் பொறுப்பு கிடையாது.

ஒரே தலைவர் வைக்கலாம் என்று முயன்று பார்க்காமல் இல்லை. ஐநா 2003-ல் ஜெனிவாவிலும் 2005-ல் துனிசிலும் தகவல் சமூக உச்சி மாநாடு நடத்தியபோது இதுதான் பெரிய சண்டை. பெயர்ப் பட்டியலின் ஆணிவேர் அமெரிக்க வணிகத்துறையின் மேற்பார்வையில் இருப்பதைப் பல நாடுகள் எதிர்த்தன. கடைசியில் அதை அப்படியே விட்டுவிட்டு, எல்லோரும் வருஷம் ஒரு முறை கூடிப் பேச ஐஜிஎஃப் என்ற மன்றத்தை வைத்தார்கள். பேசலாம், முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது. 2012-ல் துபாயில் ஐடியூ விதிகளைத் திருத்தும் முயற்சியில் 89 நாடுகள் கையெழுத்துப் போட்டன, அமெரிக்காவும் பிரிட்டனும் விலகின, இந்தியாவும் அங்கே கையெழுத்துப் போடவில்லை. 2016 அக்டோபர் 1-லிருந்து அமெரிக்க அரசின் அந்த மேற்பார்வை ஒப்பந்தமும் முடிந்து ஐகேன் தனியாக நிற்கிறது. உடனே அமெரிக்கச் செல்வாக்கு போய்விட்டதா என்றால், கலிபோர்னியச் சட்டத்தின் கீழ் பதிவான அமைப்பு அது, அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் இது அரசுகள் மட்டும் உட்காரும் மேஜையாக மாறியிருந்தால் உங்களுக்கும் எனக்கும் இன்னும் மோசமாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது, அனுபவத்தில் வந்த எண்ணம்.

ஐஜிஎஃப் 2008 டிசம்பரில் ஹைதராபாத்தில் நடந்தபோது போயிருந்தேன். மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, பலர் வரவில்லை, வந்தவர்களைச் சோதிப்பதிலேயே காலைப் பொழுது போனது. உள்ளே போனால் பெரிய பெரிய சொற்கள். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, "ஈரோட்டிலிருந்து சேலத்துக்குப் போகும் மெயில் ஏன் சென்னை போய், சில நாள் சிங்கப்பூர் வரைக்கும் போய்த் திரும்புகிறது" என்று ஒரு கேள்வியை மனதில் வைத்திருந்தேன், கேட்க வெட்கமாகிவிட்டது. டீ இடைவேளையில் ஆப்பிரிக்காக்காரர் ஒருவர் இதே குறையைத் தன் ஊருக்குச் சொன்னார். போட்டிக் கம்பெனிகள் ஒரே அறையில் ஸ்விட்ச் (எல்லோருடைய ஒயரையும் இணைக்கும் நெட்வொர்க் பெட்டி) வைத்து உள்ளூர்ப் போக்குவரத்தை உள்ளூரிலேயே மாற்றிக்கொள்வது எப்படி என்று நான் தெளிவாகக் கற்றுக்கொண்டது அந்த டீ இடைவேளையில்தான். அதிகாரமில்லாத மன்றம் என்று கேலி செய்கிறவர்களிடம் நான் முழுசாக ஒத்துப்போகாததற்கு அந்த ஒரு டம்ளர் டீதான் காரணம்.

எண் முகவரி விஷயம் உங்கள் வழக்குக்கும் சம்பந்தம் உள்ளது, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். முதலில் வந்தவர்களுக்கு வாரிக் கொடுத்தார்கள், எம்ஐடி என்ற ஒரே பல்கலைக்கழகத்துக்கு 1.6 கோடிக்கு மேல். 2011 பிப்ரவரி 3-ல் உலகக் கையிருப்பு தீர்ந்தது, ஆசியாவுக்கு ஏப்ரலிலேயே ரேஷன் வந்துவிட்டது. நான் விண்ணப்பித்தபோது கிடைத்தது 1,024. 2019-க்கு அப்புறம் புதிதாக வருகிறவருக்கு அதிகபட்சம் 512. வாடிக்கையாளர்களோ பல ஆயிரம் பேர். என்ன செய்வது, ஒரே முகவரியை நூறு இருநூறு வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறோம். போலீஸிடமிருந்து கடிதம் வரும், "இந்த முகவரியை இந்தத் தேதியில் பயன்படுத்தியவர் யார்" என்று. போர்ட் எண்ணும் (ஒரே முகவரியைப் பங்கிடுகிறவர்களைப் பிரித்துக் காட்டும் எண்) நொடி வரைக்கும் நேரமும் இல்லாவிட்டால் என்னால் சொல்ல முடியாது, மொத்தத் தெருவையும் காட்டித்தான் தர முடியும். கடிதம் எழுதுகிறவருக்குச் சில நேரம் கோபம் வரும், நான் மறைக்கிறேன் என்று நினைப்பார். அமெரிக்காவில் 1980-களில் யாரோ தாராளமாகப் பங்கிட்டதன் கணக்கு இன்றைக்கு ஈரோட்டில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் மேஜையில் வந்து நிற்கிறது. உங்கள் திருடன் அனுப்பின மெயிலின் முழு ஹெடரையும் (அது எந்த வழியாக, எப்போது வந்தது என்று மெயிலோடு மறைவாக வரும் குறிப்பு) பையரிடமிருந்து கேட்டு வாங்கி வைக்கச் சொல்வது இதனால்தான். பார்வர்டு செய்தால் அது போய்விடும், மெயிலையே கோப்பாக இறக்கி இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

நாடுகளுக்கு நடுவே குற்ற விசாரணை எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். 2001-ல் புடாபெஸ்டில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது, இந்தியா அதில் சேரவில்லை, நம்மைக் கேட்காமல் எழுதியதில் நாம் எதற்குச் சேர வேண்டும் என்பது பல காலமாகச் சொல்லப்படும் காரணம். 2024 டிசம்பர் 24-ல் ஐநா பொதுச்சபை சைபர் குற்றத்துக்குத் தனி உடன்படிக்கை ஏற்றது. 40 நாடுகள் உறுதி செய்த பிறகுதான் அது அமலுக்கு வரும். அதில் எந்நேரமும் பதில் சொல்லும் தொடர்பு அலுவலர் ஒவ்வொரு நாட்டிலும் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது, ஹாங்காங் மாதிரி இடத்தில் ஆதாரத்தை அழியாமல் வைக்கச் சொல்லிக் கேட்க அது உதவலாம். அதே உடன்படிக்கை அரசுகளுக்குக் கண்காணிப்பு அதிகாரத்தைக் கூட்டுகிறது என்று மனித உரிமை அமைப்புகள் எதிர்த்தன, அந்தப் பயத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். உங்கள் வழக்குக்கு இது எதுவும் நேரத்தில் வந்து சேராது, அதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

நீங்கள் கேட்ட ஐநா ஒப்பந்தம் 2024 செப்டம்பர் 22-ல் நியூயார்க்கில் ஏற்றது, உலக டிஜிட்டல் ஒப்பந்தம் என்று சொல்கிறார்கள். சட்டமாகக் கட்டுப்படுத்தாது, அரசியல் வாக்குறுதிதான். அந்த வருஷம் ஐடியூ போட்ட கணக்கில் உலகத்தில் 260 கோடிப் பேர் இன்டர்நெட்டுக்கு வெளியே, அவர்களை உள்ளே கொண்டுவருவது, எல்லாப் பள்ளிக்கும் இணைப்பு, ஏஐ பற்றி விஞ்ஞானிகள் குழு என்று போகிறது. எங்கோ இருக்கிறவர்கள் என்று நினைக்காதீர்கள். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவு ஏறித் தாளவாடிப் பக்கம் போய்ப் பாருங்கள், பர்கூர் மலைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பாறை மேல் ஏறினால் சிக்னல், இறங்கினால் இல்லை. நம் எல்லோருடைய போன் பில்லிலிருந்தும் இதற்குப் பணம் போகிறது, டெலிகாம் கம்பெனிகளின் வருமானத்தில் 5 சதவீதம் எடுத்து வைக்கும் நிதி, முன்பு யுஎஸ்ஓஎஃப், 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு டிஜிட்டல் பாரத் நிதி. பணம் இருக்கிறது. ஆனால் காட்டுக்குள் ஃபைபர் இழுக்க வனத்துறை அனுமதி, யானை சாய்க்கும் கம்பம், மழைக்காலத்தில் அறுந்தால் மேலே ஏறிப்போகச் சம்மதிக்கும் ஆள் ஆகியவற்றுக்கு நியூயார்க்கில் யாரும் கையெழுத்துப் போட முடியாது. கடைமடைக்குத் தண்ணீர் வராததற்கு எப்போதும் அணையில் தண்ணீர் இல்லாததுதான் காரணம் என்று இல்லையே.

எனக்கு ரொம்ப நாளாக உறுத்தும் ஒன்றைச் சொல்கிறேன். காந்திபுரம் டீக்கடையில் 15 ரூபாய்க்கு ஸ்கேன் செய்தால் பணம் போவதற்கு முன்பே கடைக்காரர் பெயர் திரையில் வருகிறது. கண்டெய்னர் பணம் போகும்போது உங்கள் பையருக்கு அப்படி ஒரு பெயர் வரவில்லை. பேங்க் எண்ணைத்தான் பார்த்தது, பெயர் பொருந்துகிறதா என்று பார்க்கவில்லை. இது செய்ய முடியாத காரியம் இல்லை. பிரிட்டனில் 2020-லிருந்து பெரிய பேங்குகளில் இருக்கிறது. யூரோ நாடுகளுக்குள் யூரோவில் போகும் பணத்துக்கு 2025 அக்டோபர் 9-லிருந்து சட்டப்படி கட்டாயம். 2023-ல் ஜி20 தலைமை இந்தியாவிடம் இருந்தபோது டிஜிட்டல் பொதுக் கட்டமைப்பு என்று யுபிஐ மாதிரியானவற்றை உலகத்துக்குக் காட்டினோம், அதே வருஷம் பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநௌ என்ற பண அனுப்பு முறையோடு யுபிஐயை இணைத்தோம், அங்கே வேலை பார்க்கும் நம் பையன்கள் வீட்டுக்குப் பணம் அனுப்ப நல்லது. ஆனால் கரூர், திருப்பூர்க்காரர்களுக்கு வேண்டியது ஏற்றுமதிப் பணத்துக்கு எல்லை தாண்டிய பெயர்ச் சரிபார்ப்பு. இதை ஏற்றுமதியாளர் சங்கங்கள் உரக்கக் கேட்டு நான் பார்த்ததில்லை. டிராபேக், வரி, நூல் விலை பற்றி மனு கொடுக்கிற அளவுக்கு இதைப் பற்றியும் கொடுத்தால் டில்லி இதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பேச வாய்ப்பிருக்கிறது.

போய் உட்கார்ந்தால் நடக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம். 2010 ஜூனில் கோவை கொடிசியாவில் செம்மொழி மாநாடு நடந்தபோது கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அதுவரைக்கும் ஆளுக்கொரு எழுத்துரு, ஓர் ஆபீஸில் அடித்த தமிழ் இன்னோர் ஆபீஸில் பெட்டி பெட்டியாகத் தெரியும். அந்த மாதம்தான் தமிழக அரசு யூனிகோடை, அதாவது எந்தக் கம்ப்யூட்டரிலும் எழுத்து ஒன்றாகத் தெரிய வைக்கும் பொதுக் குறியீட்டை, அதிகாரப்பூர்வமாக எடுத்துக்கொண்டது. அப்புறம் தமிழ் அறிந்தவர்கள் யூனிகோடு குழுவில் விடாமல் எழுதி வாதாடி, 2019-ல் பழைய பின்னக் குறிகள் வரைக்கும் உள்ளே போயின. மா, காணி, முந்திரி, அதில் முந்திரி என்றால் 320-ல் ஒன்று. எங்கள் அப்பாருவின் கணக்கு நோட்டில் இருந்த குறி இன்றைக்குப் போனுக்குள் இருக்கிறது என்பதில் எனக்கு அசட்டுத்தனமான ஒரு சந்தோஷம். தமிழில் இணையப் பெயர் வைப்பதற்கும் இப்படியொரு குழு வேலை செய்தது. ஔ என்று ஒரே எழுத்தாக அடித்தாலும் ஒ, ள என்று இரண்டாக அடித்தாலும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். மலையாளத்தில் நம் எழுத்தைப் போலவே இருக்கிறவையும் உண்டு. அதையெல்லாம் பெயர்களில் எப்படிக் கையாள்வது என்று விதி எழுதினார்கள். உங்களை ஏமாற்றின வித்தை இதேதான், ஆங்கிலத்தில் 'm' இருக்கும் இடத்தில் 'r', 'n' இரண்டையும் ஒட்டி வைத்தால் அவசரத்தில் யாருக்குத் தெரியும்? தமிழுக்கு உட்கார்ந்து விதி எழுதினவர்கள் சம்பளத்துக்கு எழுதவில்லை.

உங்களைப் போன்றவர் நுழைய முடியுமா என்றால், முடியும். ஏபிநிக்கின் கொள்கைப் பேச்சில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஐகேனும் ஏபிநிக்கும் போக்குவரத்துச் செலவு கொடுத்து இளைஞர்களை அழைக்கின்றன. 2016-லிருந்து இந்தியாவிலேயே இணைய ஆளுகைக்கு ஒரு சில நாள் பள்ளி நடக்கிறது. தடை மொழியும் நேரமும்தான். ஷிப்மெண்ட் வாரத்தில் யாரால் போக முடியும்? பெரிய கம்பெனிகள் இதற்கென்றே சம்பள ஆள் வைத்திருக்கின்றன, நம் பக்கத்து நாற்காலிகள் பெரும்பாலும் காலி.

அதுவரைக்கும் மாமாவிடம் இந்த வாரமே செய்யச் சொல்ல வேண்டியவை. உங்கள் டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மெயில் சரிபார்ப்பு அமைப்புகள் மூன்றும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் சொந்தப் பெயரிலேயே யாரும் பொய் மெயில் விடாமல் அது காக்கும், ஆனால் எழுத்து மாற்றின பெயரை அது தடுக்காது. அதனால் குழப்பக்கூடிய நான்கைந்து பெயர்களை நீங்களே வாங்கிப் போட்டுவிடுங்கள், வருஷத்துக்குச் சில ஆயிரம்தான். உங்கள் ஆபீஸ் மெயிலின் பாஸ்வேர்டுகளை இன்றைக்கே மாற்றுங்கள், கண்டெய்னர் விவரம் தெரிந்து எழுதியிருக்கிறான் என்றால் உங்கள் பக்கமோ பையர் பக்கமோ ஒரு பெட்டியை அவன் பல நாள் படித்துக்கொண்டிருந்திருக்கிறான், அது இன்னும் திறந்தே இருக்கலாம். வரும் மெயிலைத் தானாக வேறிடத்துக்கு அனுப்பும், உங்களுக்குத் தெரியாத பார்வர்டிங் விதி ஏதாவது போட்டிருக்கிறதா என்று செட்டிங்கில் தேடுங்கள், நான் பார்த்த பல வழக்குகளில் அங்கேதான் ஒளிந்திருந்தது. பேங்க் மாறினால் மெயிலில் சொல்ல மாட்டோம், போனில்தான் சொல்வோம் என்று எல்லாப் பையருக்கும் ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். ஹெடர் கைக்கு வந்ததும் எழுதுங்கள், ரெஜிஸ்ட்ரார் யாரென்று கண்டுபிடித்து, புகாரை அவர்கள் தட்டிக்கழிக்க முடியாத மாதிரி எப்படி எழுதுவது என்று சேர்ந்து பார்க்கலாம்.